கிரனாடா பயணம்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

தென் ஸ்பெயினில் இருக்கும் கிரனாடாவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். அக்கா குடும்பம், மாமா அத்தை, கூட வேலை பார்ப்பவர்கள் என்று பலருக்குத் திட்டமும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறியது ஒரே இடத்தில்தான். விமான டிக்கெட் எடுத்து, ஹோட்டல் பிடித்து, விசாவும் கைக்கு வந்த பிறகு, கடைசியாக அந்த ஊரின் புகழ்பெற்ற கோட்டையான அல்ஹம்ப்ராவுக்கு டிக்கெட்டைத் தேடுகிறார்கள். அதற்குள் அது தீர்ந்துவிடுகிறது.

அல்ஹம்ப்ரா கோட்டைக்குள், நஸ்ரித் என்ற முஸ்லிம் அரச வம்சம் கட்டிய நஸ்ரித் அரண்மனைகளுக்கு அரை மணி நேரத்துக்கு 300 பேரைத்தான் விடுகிறார்கள். சுண்ணச் சாந்தில் செதுக்கிய சுவர்கள் தாங்க வேண்டுமே, அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. ஆகவே அந்த ஒரு அரை மணி நேரத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்க வேண்டும். கீழே இருக்கும் வரிசை அப்படிப் போட்டதுதான்.

## 1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

கிரனாடா சுமார் 700 மீட்டர் உயரத்தில், சியெரா நெவாதா மலையின் அடியில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நமக்குப் பழகிய வெயில்தானே என்று நினைக்க வேண்டாம். இங்கே அந்த வெயிலில் நாள் முழுக்க ஏற்றத்தில் நடக்க வேண்டியிருக்கும். ஜனவரி இரவுகளோ பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும்.

ஏப்ரல் பிற்பாதி, மே, அக்டோபர் மூன்றும் நடக்க நல்ல மாதங்கள். ஆனால் டிக்கெட் வேகமாகத் தீர்வதும் அப்போதுதான். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் நவம்பரையோ பிப்ரவரியையோ சொல்வேன். கூட்டம் குறைவு, அறை வாடகை குறைவு, கோட்டைக்குப் பின்னால் மலை வெள்ளையாகப் பனி மூடி நிற்கும். ஒரே குறை, பகல் சீக்கிரம் முடிந்துவிடும். அக்டோபர் 15 முதல் மார்ச் 31 வரை அல்ஹம்ப்ராவின் பகல் நேரம் மாலை 6 மணிக்கே முடிகிறது. மற்ற மாதங்களில் இரவு 8 வரை உண்டு.

சில தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் அல்ஹம்ப்ரா மூடியிருக்கும். ஜனவரி 2 நகரத்தின் சொந்த விடுமுறை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் தேர் போன்ற பெரிய ஊர்வலங்கள் தினமும் நகர மையத்தை நிறைத்துவிடும். அதைப் பார்க்கவே போவதானால் போகலாம். மற்றவர்களுக்கு அறை விலையும் தெரு அடைப்பும் தலைவலிதான்.

## 2. பாஸ்போர்ட்டையும் பெயரையும் சரிபாருங்கள்

இதை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், அல்ஹம்ப்ரா டிக்கெட்டில் ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் ஏறுகிறது. டிக்கெட் வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், டிக்கெட்டில் இருப்பது பழைய எண்ணாகிவிடும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

செங்கன் விசாவுக்கும், அதாவது ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகள் அடங்கிய செங்கன் பகுதிக்கான பொது விசாவுக்கும், இதே இடத்தில்தான் கவனம் தேவை. அந்தப் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். அது கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களாவது இருக்க வேண்டும்.

அப்புறம் பெயர். நம் ஆட்கள் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். இல்லாவிட்டால் அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். ஸ்பானியர்களுக்கோ பொதுவாக இரண்டு குடும்பப் பெயர்கள், தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று. அதனால் அவர்களுடைய படிவங்களில் மூன்று கட்டங்கள் வரலாம். இரண்டாவது குடும்பப் பெயரை விட்டுவிடுங்கள். முதலாவது காலியாக இருந்தால் படிவம் நகராது என்றால், நான் சொந்தப் பெயரையே அங்கும் ஒருமுறை எழுதுகிறேன். வீட்டில் எழுதும் இனிஷியலை எங்கும் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து என்ன இருக்கிறதோ அதுதான் வேண்டும்.

எல்லோருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். விசாவுக்குக் கொடுத்தால் பாஸ்போர்ட் வாரக்கணக்கில் கையில் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் ஏதாவது ஒரு தளம் எண்ணைக் கேட்கும்.

## 3. நஸ்ரித் அரண்மனை நேரத்தைப் பிடியுங்கள்

அல்ஹம்ப்ராவை நிர்வகிப்பது பத்ரோனாத்தோ என்ற அரசு அமைப்பு. அதன் அதிகாரபூர்வ டிக்கெட் தளத்தில்தான் வாங்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அதே படங்கள், அதே பெயர் மாதிரி இருக்கும், விலை மட்டும் இரண்டு மடங்கு. பணம் கட்டுவதற்கு முன் தளத்தின் முகவரியை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்.

உள்ளே போனால் பல வகை டிக்கெட்டுகள் வரும். இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது.

பொது டிக்கெட்: அல்கசாபா என்கிற கோட்டைக் காவல் பகுதி, நஸ்ரித் அரண்மனைகள், பர்தால் தோட்டம், ஹெனராலிஃபே என்கிற கோடைக்கால மாளிகையும் அதன் தோட்டங்களும். முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான். கட்டணம் 20 யூரோவை ஒட்டி இருக்கும்.

தோட்ட டிக்கெட்: இதில் ஹெனராலிஃபேவும் அல்கசாபாவும் உண்டு, அரண்மனைகள் கிடையாது. விலை குறைவு, பெரும்பாலும் எளிதாகக் கிடைக்கும். கூட வேலை பார்க்கும் ஒருவர் 'அல்ஹம்ப்ரா' என்ற பெயரைப் பார்த்ததும் இதை வாங்கிவிட்டு, அரண்மனை வாசல் வரை போய்த் திரும்பினார். அவ்வளவு தூரம் போய் அரண்மனைக்குள் இருக்கும் சிங்க முற்றத்தைப் பார்க்காமல் வருவது பெரிய வருத்தம். டிக்கெட்டில் நஸ்ரித் அரண்மனைகள் என்ற வரியும் அதன் பக்கத்தில் நுழையும் நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அரண்மனைக்குள் போக முடியாது.

இரவு டிக்கெட்: அரண்மனைகளுக்கு மட்டும் தனியாக உண்டு. கோடைக்கால அட்டவணையில் செவ்வாய் முதல் சனி வரை, குளிர்கால அட்டவணையில் வெள்ளியும் சனியும்.

பிறகு நேரம். முதல் மணி நேரங்களையே நான் தேர்ந்தெடுப்பேன், காலை 9 மணியை ஒட்டி. வெயில் ஏறியிருக்காது, கடற்கரை நகரமான மாலகாவிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகளும் வந்து சேர்ந்திருக்காது. ஸ்பெயினில் 24 மணிக் கணக்கு. 18:30 என்பது மாலை ஆறரை. காலையில் இடமில்லை என்றால் மாலைக் கடைசி நேரங்களைப் பாருங்கள். கோடையில் நடுப்பகலை மட்டும் விட்டுவிடுங்கள்.

12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் வேண்டும், அதை உங்கள் டிக்கெட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும். இலவசம்தானே, வாசலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த அரை மணிக்கான 300 பேர் நிறைந்திருப்பார்கள்.

வாங்கிய பிறகு தேதியையும் நேரத்தையும் மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசா வருவதற்கு முன்பே வாங்குவதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான பயணம் என்றால் வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் பதில். விசா கிடைக்காவிட்டால் ஆளுக்கு 20 யூரோவை ஒட்டிய தொகை போகும். விசா கிடைத்து டிக்கெட் கிடைக்காவிட்டால் பயணத்தின் காரணமே போய்விடும். குளிர்மாதங்களில் விசா வரும் வரை காத்திருக்கலாம்.

## 4. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றால்

இங்கேயும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உங்கள் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் தேடுங்கள். விமானம் எடுக்காமல் இருப்பதன் பலன் இப்போது தெரியும்.

அடுத்து, தோப்லா தே ஓரோ என்ற கூட்டு டிக்கெட். இதில் அல்ஹம்ப்ராவோடு, அதற்கு எதிர்க் குன்றில் உள்ள அல்பைசின் என்ற பழைய பகுதியில் இருக்கும் பழைய குளியல் மாளிகை போன்ற சில சிறிய இடங்களும் சேரும். நகராட்சியின் கிரனாடா கார்டும் அப்படித்தான், அரண்மனை நேரத்தோடு வரும். இவற்றில் இடம் ஒதுக்கீடு தனி என்பதால், பொது டிக்கெட் தீர்ந்த பிறகும் சில நாட்களில் கிடைக்கும்.

அதுவும் இல்லையா, இரவு டிக்கெட்டைப் பாருங்கள். இரவு அரண்மனையும் மறுநாள் பகலில் தோட்டமும் கோட்டையும் சேர்ந்த ஒரு டிக்கெட்டும் உண்டு. மங்கிய விளக்கில் நீர்நிலையில் கோபுரம் தலைகீழாகத் தெரிவதை நான் பகல் காட்சியைவிட அதிகம் நேசிக்கிறேன். சுவர் வேலைப்பாட்டின் நுணுக்கமும் ஜன்னல் வழியே தெரியும் ஊரும்தான் இரவில் கிடைக்காது.

கடைசியாக, அனுமதி பெற்ற வழிகாட்டி நிறுவனங்களின் குழு. விலை அதிகம், ஆனால் நல்ல வழிகாட்டி அமைந்தால் அந்தப் பணம் வீண் இல்லை. வாங்கும்போது 'அரண்மனைகள் உட்பட' என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தான டிக்கெட்டுகள் அதிகாரபூர்வ தளத்துக்குத் திரும்பி வருவதும் உண்டு. பயணத்துக்கு முந்தைய வாரம் தினமும் காலையில் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கத்தால்தான் என் அக்கா குடும்பத்துக்கு நான்கு டிக்கெட் கிடைத்தது.

## 5. விசாவுக்கு விண்ணப்பியுங்கள்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு செங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பதினைந்து நாளை நம்பி யாரும் இறங்க வேண்டாம். கோடை விடுமுறைக்கு முன்னால் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதற்கே வாரங்கள் ஆகும். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? பயணத்தில் அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதனிடம். நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. பாரிஸில் ஐந்து நாள், கிரனாடாவில் மூன்று நாள் என்றால் அது பிரான்ஸ் விசா. ஸ்பெயின் விசா சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே விண்ணப்பித்துவிட்டு, ஹோட்டல் பதிவில் பிரான்ஸ் நாட்கள் அதிகமாக இருந்தால் கேள்வி வரும்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, செங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். காப்பீட்டை ஊர் திரும்பும் தேதிக்குச் சரியாக முடிக்காமல் இரண்டு மூன்று நாள் கூடுதலாக எடுங்கள்.

ஹோட்டல் பதிவு, விமான முன்பதிவு, நாள்வாரித் திட்டம் மூன்றிலும் தேதி ஒத்துப்போக வேண்டும். அல்ஹம்ப்ரா டிக்கெட் கையில் இருந்தால் அதன் நகலையும் சேருங்கள். நாள்வாரித் திட்டம் வெறும் காகிதமாக இல்லாமல் உண்மையாக இருப்பதற்கு அது நல்ல சான்று.

## 6. ஊருக்குப் போய்ச் சேரும் வழி

நம் ஊரிலிருந்து கிரனாடாவுக்கு நேர் விமானம் கிடையாது. மாட்ரிட் அல்லது மாலகா வழியாகப் போகலாம்.

மாட்ரிட் அத்தோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயில் சுமார் மூன்றரை மணி நேரம். மாலகாவிலிருந்து பேருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம், மாலகா விமான நிலையத்திலிருந்தே நேராகக் கிரனாடா போகும் பேருந்துகளும் உண்டு. ஒரு நிறுத்தத்தோடு மாலகாவுக்கு விமானம் கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். பெட்டிகளோடு மாட்ரிட்டில் விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையம் மாறும் அலைச்சல் இல்லை.

மாட்ரிட் வழியாகப் போனால், விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். குடிவரவு வரிசையும் கைரேகைப் பதிவும் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயில் பயணச்சீட்டு முன்கூட்டி எடுத்தால் மலிவு, ஆனால் தவறவிட்டால் மலிவுச் சீட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது.

வாடகைக் கார் பற்றி ஒரு வார்த்தை. சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்குப் போவதாக இருந்தால் எடுங்கள். நகரத்துக்குள் வேண்டவே வேண்டாம். பழைய நகரின் பல தெருக்களில் அனுமதி பெற்ற வண்டிகள்தான் நுழையலாம், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், அபராதம் சில வாரம் கழித்து வீட்டுக்கு வரும்.

## 7. தங்கும் இடம்: வரைபடத்தில் ஏற்றம் தெரியாது

வரைபடத்தில் 400 மீட்டர் என்று காட்டும் இடம் 400 மீட்டர் கூழாங்கல் படிக்கட்டாக இருக்கலாம். கிரனாடாவில் ஹோட்டல் பிடிக்கும்போது முதல் முறை போகிறவர்கள் எல்லோரும் இதில் விழுகிறார்கள்.

அல்பைசின் தான் அழகான பகுதி. வெள்ளைச் சுவர், குறுகலான சந்து, ஜன்னல் திறந்தால் எதிரே அல்ஹம்ப்ரா. ஆனால் பல வீடுகளின் வாசலுக்கு டாக்சி போகாது, சக்கரப் பெட்டி கூழாங்கல்லில் உருளாது. தோளில் போடும் பை, நல்ல முழங்கால் இரண்டும் இருந்தால் தங்குங்கள்.

பெரியவர்கள், குழந்தைகள் இருந்தால் பிளாசா நுவேவா என்ற சதுக்கத்துக்கும் கதீட்ரலுக்கும் நடுவில் பிடியுங்கள். தரை சமம், அல்ஹம்ப்ராவுக்கும் அல்பைசினுக்கும் போகும் சிறு பேருந்துகள் பக்கத்திலேயே. ரியலேஹோ பகுதியும் நல்லது, மேலே ஏறாமல் கீழ்ப்பகுதியில் இருந்தால் போதும். ரயில் நிலையத்துப் பக்கம் மலிவு, ஆனால் தினமும் வந்துபோகும் நேரம் கூடும்.

விசா வரும் வரை ரத்து செய்யக்கூடிய அறையாகவே எடுங்கள். கோடையில் ஏசி இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளை மாற்றிக் கட்டிய விடுதிகளில் இரண்டும் இல்லாமல் இருப்பது சகஜம்.

## 8. நாட்களை அடுக்குங்கள்

மாலகாவிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணத்தில் அல்ஹம்ப்ரா மட்டும் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது. குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று.

வந்து இறங்கும் நாளில் அல்ஹம்ப்ராவை வைக்காதீர்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் போய்விடும். கடைசி நாளிலும் வேண்டாம், பெட்டியை எங்கே வைப்பது என்ற கவலையோடு நடக்க வேண்டியிருக்கும். நடு நாளில் வையுங்கள்.

முதல் நாள் மாலை அல்பைசின். ஏற்றத்தை சி31 அல்லது சி32 சிறு பேருந்தில் கடந்து, மேலிருந்து கீழே நடந்து வாருங்கள். எல்லோரும் சான் நிக்கோலாஸ் காட்சி மேடையில் சூரியன் மறையும் நேரத்துக்குக் கூடுவார்கள். ஒரு மணி நேரம் முன்பே போனால் உட்கார இடம் கிடைக்கும். அதை ஒட்டி 2003-ல் திறந்த பெரிய பள்ளிவாசலின் தோட்டத்திலிருந்தும் அதே காட்சி தெரியும், கூட்டம் குறைவு. தொழுகை இடம் என்பதை மனதில் வைத்து அமைதியாக இருந்தால் போதும்.

மூன்றாம் நாள் கதீட்ரலும் அதை ஒட்டிய அரச சமாதிக் கோயிலும். ஸ்பெயின் அரசர் பெர்னாண்டோவும் அரசி இசபெல்லாவும் புதைக்கப்பட்ட இடம் இந்த இரண்டாவதுதான். இரண்டுக்கும் வாசல் வேறு, டிக்கெட்டும் வேறு. ஞாயிறு காலை கதீட்ரலில் வழிபாடு நடக்கும், சுற்றிப் பார்க்க மதியத்துக்குப் பிறகுதான் விடுவார்கள். அதனால் மூன்றாம் நாள் ஞாயிறாக அமைந்தால் காலையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

## 9. அல்ஹம்ப்ரா நாள்

டிக்கெட்டில் இருக்கும் நேரம் அரண்மனை வாசலுக்கான நேரம், கோட்டை நுழைவுக்கான நேரம் இல்லை. இந்த ஒரு வரியை மாமாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். பத்து மணி டிக்கெட்டுக்கு அவரும் அத்தையும் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் பிரதான நுழைவு மண்டபத்தில் நின்றார்கள். அங்கிருந்து அரண்மனைகளுக்குக் கால் மணி நேரத்துக்கும் மேல் நடை. முழங்கால் வலியோடு அவர் ஓடியதை அத்தை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

நுழைய இரண்டு வழி. கிழக்குக் கோடியில், ஹெனராலிஃபே பக்கம், பிரதான மண்டபம். மேற்கே நீதி வாயில், ஸ்பானிய மொழியில் புவேர்தா தே லா ஹுஸ்தீசியா. டிக்கெட் போனில் இருந்தால் நீதி வாயிலே நல்லது, அரண்மனைகளுக்கு மிக அருகில் இருக்கிறது. நடக்க முடிந்தவர்கள் பிளாசா நுவேவாவிலிருந்து குவேஸ்தா தே கோமேரெஸ் தெரு வழியாக, மர நிழலில், அரை மணிக்குள் ஏறிவிடலாம். முடியாதவர்களுக்கு சி30 பேருந்து.

காலை நேரம் என்றால் என் வரிசை இது. நீதி வாயிலில் நுழைந்து நேராக அரண்மனைகள், கால் மணி முன்பே வரிசையில். முடித்து வெளியே வரும் வழி பர்தால் தோட்டத்தில் விடும். அங்கிருந்து திரும்பி அல்கசாபா ஏறி, காவல் கோபுர உச்சியிலிருந்து ஊரைப் பாருங்கள். கடைசியில் ஹெனராலிஃபே, அங்கிருந்து பிரதான மண்டபம் வழியாக வெளியே. அரண்மனை நேரம் 11 மணிக்கு மேல் என்றால் அல்கசாபாவை முதலில் முடிக்கலாம். மாலை நேரம் என்றால் முழு வரிசையையும் திருப்பிப் போட்டு, ஹெனராலிஃபேயில் தொடங்குங்கள்.

அரண்மனை, அல்கசாபா, ஹெனராலிஃபே ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைதான் நுழைவு. அவசரப்பட்டு வெளியே வந்தால் திரும்ப விட மாட்டார்கள். ஆகவே கழிப்பறை வேலையை முன்பே முடியுங்கள், உள்ளே போனால் நின்று பாருங்கள். சிங்க முற்றத்தை அடைந்ததும் எல்லோரும் நடுவில் இருக்கும் நீரூற்றைப் படமெடுக்க ஓடுவார்கள். அதன் தொட்டி விளிம்பில் இப்னு சம்ராக்கின் அரபுக் கவிதை செதுக்கியிருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். பிறகு பக்கத்தில் இரு சகோதரிகள் மண்டபத்துக்குள் போய், அண்ணாந்து கூரையைப் பாருங்கள். தேன்கூடு போல ஆயிரக்கணக்கான சிறு அறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கும். நான் ஒவ்வொரு முறையும் அங்கே பத்து நிமிடம் நின்றிருக்கிறேன்.

எடுத்துப் போக வேண்டியவை: அசல் பாஸ்போர்ட் எல்லோருடையதும், டிக்கெட், தண்ணீர், தொப்பி. போட்டோ நகலை நம்பாதீர்கள். பெரிய முதுகுப்பையை விடமாட்டார்கள், சிறிய பையையும் அரண்மனைக்குள் முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், சுவரில் உரசக்கூடாது என்பதற்காக. குழந்தை வண்டியும் அரண்மனைக்குள் போகாது, குழந்தையைச் சுமக்கும் பை அங்கேயே கொடுப்பார்கள். முழுவதும் பார்க்க நான்கு மணி நேரம் வேண்டும். கோட்டை வளாகத்திலேயே தனியாக இருக்கும் ஐந்தாம் கார்லோஸ் அரண்மனைக்குள் போக டிக்கெட்டே தேவையில்லை, அதனால் நேரம் இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

## 10. சாப்பாட்டு நேரமும் சைவமும்

மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு ஒன்பதை ஒட்டி. மாலை ஐந்து மணிக்குப் பசித்தால் பல சமையலறைகள் மூடியிருக்கும். குழந்தைகள் இருந்தால் அறையில் ரொட்டி, பழம், தயிர் வாங்கி வையுங்கள்.

கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே சிறு தட்டில் தப்பா என்ற தின்பண்டம் இலவசமாக வரும். குளிர்பானத்துக்கும் வரும், காபிக்கு வராது. என்ன வரும் என்பது பெரும்பாலும் கடைக்காரர் விருப்பம், அதனால் சைவர்கள் பானம் சொல்லும்போதே சொல்ல வேண்டும். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மீனோ பன்றித் தொடை இறைச்சியின் சின்னத் துண்டுகளோ வந்துவிடும். 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், பன்றித் தொடை இறைச்சி எதுவும் வேண்டாம் என்று பொருள்.

கரும்புப் பாகு ஊற்றிய கத்திரிக்காய் வறுவல் நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு தொர்தில்யா. சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல் ஹமோன் தூவித் தருவார்கள், தூவாமல் கேட்டு வாங்குங்கள். ஹலால் வேண்டுவோர் அல்பைசின் அடிவாரத்தில் கல்தெரெரியா நுவேவா தெருப் பக்கம் போனால் மொரோக்கோ உணவகங்களும் புதினாத் தேநீர்க் கடைகளும் வரிசையாக இருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, குழாய்த் தண்ணீர் நல்ல சுவை.

## 11. தெருவில் கவனமும், கிளம்பும் நாளும்

கதீட்ரல் பக்கம் பெண்கள் சிலர் ரோஸ்மேரிக் கொத்தை அன்பாக நீட்டுவார்கள். கையில் வாங்கினால் கைரேகை பார்த்துப் பணம் கேட்பார்கள். வாங்காமல் நகர்ந்துவிடுங்கள், அதோடு முடியும். கூட்டமான சிறு பேருந்தில் பையின் ஜிப்பைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

செருப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கூழாங்கல் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், மழையில் வழுக்கும். அடிப்பக்கம் பிடிமானம் உள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூதான் வேண்டும்.

திரும்பும் நாளில் அதிவேக ரயிலுக்குப் பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், வண்டி கிளம்பச் சில நிமிடம் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். அரை மணி முன்னால் நிலையத்தில் இருங்கள். பேருந்து நிலையம் ரயில் நிலையத்திலிருந்து தனியாக, ஊரின் வடமேற்கில் இருக்கிறது. டாக்சி ஏறும்போது எந்த நிலையம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்: ரயிலுக்கு 'எஸ்தாசியோன் தே த்ரேனெஸ்', பேருந்துக்கு 'எஸ்தாசியோன் தே அவுத்தோபுசெஸ்'.